கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் முகம் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி: தூத்துக்குடியை அடுத்த உப்பளங்களில் வேலை செய்பவர்களைச் சென்ற கோடையில் தொடர்ந்து படம் எடுத்தேன். கணினியில் திறந்து பார்த்தால் உப்பு அழுக்குச் சாம்பலாகவும், படம் முழுவதும் சோகை பிடித்தாற்போலவும் இருந்தது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் கான்ட்ராஸ்ட்டை 60 வரை ஏற்றினேன். உப்பு வெளுத்தது, ஆனால் முகங்கள் கறுத்து, கண் இருக்கும் இடமே தெரியாமல் போயிற்று. ஷேடோஸ் ஸ்லைடரை 100 வரை தள்ளியதும் முகம் தெரிந்தது; ஆனால் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது, தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையமும் விழுகிறது. கண்காட்சிக்காக 12க்கு 18 அங்குலத்தில் லேபில் பிரிண்ட் போட்டால், திரையில் கண்டதைவிட இன்னும் இருண்டு வந்திருக்கிறது. லெவல்ஸ், கர்வ்ஸ், கான்ட்ராஸ்ட் ஆகியவற்றில் எதை, எந்த வரிசையில் தொட வேண்டும்? ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரங்களையும் தொட்டே ஆக வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா? எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் அளவுகளைச் சொன்னால் பிரீசெட்டாக வைத்துக்கொள்வேன். ஒரு ரா ஃபைலையும் நான் திருத்திய இரண்டு பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று ஃபைல்களையும் திறந்து பார்த்தேன். தலையில் துண்டைச் சுற்றி, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்த ஒரு பெண்மணி, அள்ளிக் குவித்த உப்பு அம்பாரத்தின் முன் நிற்கிறார். பின்னால் பாத்திகளில் உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது. படம் நல்ல படம். திருத்தத்தில் நேர்ந்த சிக்கலுக்கும் உங்கள் ரசனைக்கும் தொடர்பில்லை. கான்ட்ராஸ்ட் என்ற ஸ்லைடர் உள்ளே என்ன செய்கிறது என்பதை அறியாமல் அதைத் தொட்டதே காரணம். பிரீசெட் கேட்டிருக்கிறீர்கள், அதைத் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் முடியாது என்பது இந்தப் படத்தின் கணக்கைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

முதலில், படம் சோகை பிடித்தாற்போல இருந்தது ஏன் என்று பார்ப்போம். கேமராவின் ஒளிமானிக்குத் தன் முன்னால் இருப்பது உப்பா கரியா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதன் சராசரியை நடுச் சாம்பலாக, அதாவது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பைப் போலக் கொண்டுவந்து நிறுத்தவே அது முயலும். சட்டகத்தில் முக்கால் பங்கு வெள்ளை உப்பாக இருக்கும்போது, ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று எண்ணி எக்ஸ்போஷரை, அதாவது சென்சார் பதியும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். அதனால்தான் வெள்ளையாக வர வேண்டிய உப்பு சாம்பலாயிற்று. ஏற்கெனவே துண்டின் நிழலில் இருந்த முகம் இன்னும் கீழே இறங்கிப்போயிற்று. உங்கள் ஃபைலில் ஹிஸ்டோகிராம், அதாவது எத்தனை பிக்சல்கள் எந்த ஒளிர்வில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம், வெள்ளைக்குரிய வலது ஓரத்தைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஆக, இந்தப் படத்தின் முதல் குறை எக்ஸ்போஷர் குறைந்தது. கான்ட்ராஸ்ட் குறைந்தது அன்று. நோய் ஒன்றாகவும் மருந்து வேறொன்றாகவும் இருந்ததால்தான் ஒவ்வொரு ஸ்லைடரும் புதிய தொந்தரவைக் கொண்டுவந்தது.

இனி அளவுகளுக்கு வருவோம். நாம் திரையில் காணும், லேபுக்கு அனுப்பும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் மட்டுமே உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. உங்கள் திருத்தாத படத்தில் அந்தப் பெண்மணியின் முகம் ஏறக்குறைய 38 முதல் 64 வரையிலான படிகளுக்குள் அடங்கியிருக்கிறது. கன்னத்தின் மேட்டில் 64, கண்குழியில் 38. அதாவது, ஒரு முகத்தின் நெற்றி, மூக்கு, கன்னச் சுருக்கம், உதடு ஆகிய அனைத்தையும் சொல்ல அங்கே இருப்பவை 26 படிகள்தாம். கான்ட்ராஸ்ட்டை 60க்கு ஏற்றிய பிரதியில் அதே முகம் 14 முதல் 31 வரை இறங்கிவிட்டது; 26 படிகள் 17 ஆகிவிட்டன. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதாகத்தான் நீங்கள் நினைத்தீர்கள். ஆனால் முகத்தைப் பொறுத்தவரை கான்ட்ராஸ்ட் குறைந்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது? கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் உண்மையில் எஸ் வடிவ வளைவு ஒன்றைப் படத்தின் மேல் போடுகிறது. அந்த வளைவு நடுவில் செங்குத்தாகவும், இரண்டு ஓரங்களிலும் படுக்கையாகவும் இருக்கும். வளைவு எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே அடுத்தடுத்த படிகள் விலகி நின்று வேறுபாடு துலங்கும்; எங்கே படுத்துவிடுகிறதோ அங்கே படிகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழும். பெரும்பாலான படங்களில் முக்கியமான பொருள் நடுத்தர ஒளியில் இருக்கும் என்ற ஊகத்தில் அமைந்தது இந்த ஸ்லைடர். உங்கள் படத்திலோ முக்கியமானவை இரண்டும், அதாவது முகமும் உப்பும், இரண்டு கோடிகளில் இருக்கின்றன. நடுவில் இருப்பவை வரப்பும் உப்புநீரும் வெளுத்த சட்டையும்தான். ஸ்லைடர் தனக்குத் தெரிந்தபடி நடுவில் இருந்த வரப்பு மண்ணுக்கு அழகூட்டிவிட்டு, முகத்தையும் உப்பையும் நசுக்கிவிட்டது.

256 படிகள் என்பவை வாய்க்காலில் வந்து சேர்ந்த தண்ணீரைப் போன்றவை. தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்தால் கடைமடை காய்ந்தே தீரும். எந்த மென்பொருளாலும் புதிதாக ஒரு படியைக்கூட உண்டாக்க முடியாது; ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் வைக்கத்தான் முடியும். ஆகவே ‘கான்ட்ராஸ்ட் எவ்வளவு வேண்டும்’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த இடத்துக்கு வேண்டும், எந்த இடத்தைக் குறைத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். படத்துக்குப் படம் இந்த விடை மாறுவதால்தான் பிரீசெட் தர முடியாது என்றேன்.

இந்தக் கேள்வி டிஜிட்டல் காலத்தில் பிறந்ததன்று. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த ஸோன் சிஸ்டம் இதையே பிலிம் காலத்தில் கேட்டது. முழுக் கறுப்புக்கு 0, வெறும் தாளின் வெள்ளைக்கு 10 எனக் கொண்டு இடையில் உள்ள ஒளியை மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பொருளை எந்த மண்டலத்தில் வைப்பது என்பதைப் படம் எடுக்கும்முன்பே முடிவு செய்யச் சொன்னார்கள். அந்த முறையில் வெயிலில் கிடக்கும் பனியின் நுணுக்கம் தெரிய அதை 8ஆம் மண்டலத்திலும், கறுத்த தோலை நடு மண்டலமான 5இலும் வைப்பது வழக்கம். பனிக்குப் பதில் உப்பு என்று வைத்துக்கொண்டால் உங்கள் படத்துக்கான வரைபடம் அப்படியே கிடைத்துவிடுகிறது. கான்ட்ராஸ்ட்டை ஏற்றிய பிரதியில் முகம் 2ஆம் மண்டலத்தின் ஆழ்நிழலுக்குப் போய்விட்டது.

இனி வரிசை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்தே தொடங்குங்கள். ஏற்கெனவே திருத்திய ஜேபெக்கின் மேல் மறுபடியும் திருத்தாதீர்கள். 14-பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் உண்டு. வளைத்து நீட்டினாலும் தாங்கும். 8-பிட் ஜேபெக்கை அந்த அளவுக்கு நீட்டினால் ஹிஸ்டோகிராமில் சீப்பின் பற்களைப் போல இடைவெளிகள் விழும். உங்கள் பிரதிகளில் வெளிர்வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது அதன் விளைவுதான். ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோவதானால் 16-பிட்டாகவே கொண்டுபோய், எல்லாம் முடிந்த பின் கடைசியில் 8-பிட்டாக மாற்றுங்கள். லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள், ரா தெரபி ஆகிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன; பொத்தான்களின் பெயர் மாறுமே தவிர நான் சொல்லும் கணக்கு மாறாது.

முதலில் தொட வேண்டியது எக்ஸ்போஷர். இந்தப் படத்துக்கு முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றலாம் (ஒரு ஸ்டாப் ஏற்றுவது என்றால் ஒளியை இரட்டிப்பாக்குவது). ஏற்றியதும் முகம் ஏறக்குறைய 60 முதல் 95 வரையிலான இடத்துக்கு வந்துவிடும். உப்பு வலது ஓரத்தை நெருங்கும். உப்பில் சில இடங்கள் விளிம்பைத் தாண்டுமானால் ஹைலைட்ஸை 30 அல்லது 40 அளவுக்குக் கீழே இறக்குங்கள். வேறு எதையும் தொடாமல் இந்த நிலையில் ஒரு நிமிடம் படத்தைப் பாருங்கள். நீங்கள் கான்ட்ராஸ்ட்டிடம் எதிர்பார்த்ததில் பாதி இங்கேயே கிடைத்திருக்கும்.

அடுத்தது இரண்டு எல்லைகள்: எது வெள்ளை, எது கறுப்பு. லைட்ரூமில் வைட்ஸ், பிளாக்ஸ் என்ற ஸ்லைடர்களும், ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் லெவல்ஸ் பெட்டியின் இரு முனைகளிலுள்ள முக்கோணங்களும் இந்த வேலைக்கானவை. லைட்ரூமிலும் ஃபோட்டோஷாப்பிலும் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே இவற்றை நகர்த்தினால், எந்தப் பகுதி விளிம்பைத் தாண்டி நுணுக்கத்தை இழக்கிறது என்பது மட்டும் திரையில் தனித்துத் தெரியும். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஈர உப்பில் சூரியன் பட்டு ஊசிமுனைபோல் மின்னும் புள்ளிகள் 255ஐத் தொட்டுக் கரைந்துபோனால் கவலையில்லை. அவற்றில் காட்டுவதற்கு நுணுக்கம் என்று எதுவும் கிடையாது, அவை வெறும் பிரதிபலிப்பு. ஆனால் அம்பாரத்தின் சரிவில் உப்பு மணி மணியாக உதிர்ந்து கிடக்கும் பரப்பு 235க்கும் 245க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைத் தாண்டவிட்டால் பிரிண்டில் அந்த இடத்தில் மையோ சாயமோ ஒன்றும் இல்லாமல் வெறும் தாள் தெரியும். உப்பு சுண்ணாம்புச் சுவராகிவிடும். கறுப்புக்கு அம்பாரத்தை மூடும் கீற்றுக் குவியலின் உட்புறத்தையும், துண்டுக்குள் ஒளிந்த தலைமுடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை 5, 10 என்ற அளவில் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் நீங்கள் உண்மையா என்று கேட்ட விதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரங்களையும் தொட வேண்டும் என்பது, காட்சியில் உண்மையாகவே வெள்ளையும் கறுப்பும் இருந்தால் மட்டுமே பொருந்தும். உச்சி வெயிலில் எடுத்த இந்தப் படத்துக்குப் பொருந்துகிறது. விடியற்காலையில், கடற்காற்றின் ஈரப்பதம் மங்கலாகப் படர்ந்திருக்கும்போது எடுத்த உப்பளப் படம் ஒன்று உங்களிடம் இருக்குமானால், அதில் கறுப்பு என்ற ஒன்றே இருக்காது; மிக இருண்ட பொருள்கூட 50, 60இல் நிற்கும். அதை இழுத்து 0க்குக் கொண்டுவந்தால் விடியற்காலையை நண்பகலாக்கிவிடுவீர்கள். மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடர் இந்தக் குற்றத்தை ஒரே இழுப்பில் செய்து முடிக்கும்; நிறங்களையும் கூடவே கனக்கச் செய்துவிடும். ஹிஸ்டோகிராம் என்பது எத்தனை பிக்சல்கள் எந்தப் படியில் இருக்கின்றன என்று சொல்லும் எண்ணிக்கைப் படம். படம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

எல்லைகள் அமைந்த பின்னர்தான் கர்வ்ஸ். இதில்தான் நிதானமாக உட்கார வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு நேர்கோடு தெரியும். கிடைமட்டத்தில் பழைய படி, செங்குத்தில் புதிய படி. ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைத் திறந்து, அதன் ஓரத்தில் விரல் நீட்டிய கை அடையாளமுள்ள கருவியை எடுத்து, அந்தப் பெண்மணியின் கன்னத்தில் வைத்தால் கன்னம் கோட்டின் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று காட்டும். ஊகிக்க வேண்டியதில்லை. இந்தப் படத்துக்கு நான் போட்டுப்பார்த்த வளைவில் நான்கு புள்ளிகள் உள்ளன: கண்குழியான 60ஐ 72க்கு ஏற்றினேன், கன்ன மேடான 95ஐ 118க்கு ஏற்றினேன், உப்பின் நிழல் பக்கமான 200ஐ 196க்குச் சற்றே இறக்கினேன், உப்பின் வெயில் பக்கமான 240ஐ அசையாமல் அங்கேயே கட்டிவைத்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முகம் 35 படிகளிலிருந்து 46 படிகளாக விரிந்தது. 11 படிகள் ஆதாயம். உப்பு 40இலிருந்து 44 ஆயிற்று, 4 ஆதாயம். முகத்துக்குக் கீழுள்ள நிழல் 60இலிருந்து 72 ஆயிற்று, 12 ஆதாயம். இந்த 27 படிகளும் எங்கிருந்து வந்தன? 95க்கும் 200க்கும் இடையில் 105 படிகளைக் கொண்டிருந்த வரப்பும் உப்புநீரும் சட்டையும் இப்போது 78 படிகளுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. படத்தைப் பார்க்கிறவர் எவரும் வரப்பின் கான்ட்ராஸ்ட் குறைந்துவிட்டது என்று சொல்லப்போவதில்லை. சட்டை கொஞ்சம் தட்டையாகத் தெரிகிறது என்பது உண்மை. அதை நான் ஏற்றுக்கொள்வேன். சட்டையின் நெசவுதான் படத்தின் பொருள் என்றால் வேறு வளைவு போட வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். வளைவு எந்த இடத்திலும் படுக்கைக் கோடாகிவிடக் கூடாது. கீழ்நோக்கித் திரும்பவே கூடாது. திரும்பினால் இருண்டது வெளிறியதாகவும் வெளிறியது இருண்டதாகவும் தலைகீழாகித் தோலில் திட்டுத் திட்டாக விழும். அடுத்து, மூன்று நிறங்களையும் ஒருசேர வளைக்கும் ஆர்ஜிபி வளைவில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும்போது நிறச்செறிவும் சேர்ந்தே கூடும்; வெயிலில் காய்ந்த தோல் செங்கல் நிறத்துக்குப் போய்விடுவது இதனால்தான். கர்வ்ஸ் லேயரின் கலப்பு முறையை லூமினாசிட்டி என்று மாற்றினால் ஒளிர்வு மட்டும் மாறும், நிறம் தன் இடத்தில் நிற்கும். முழுவதும் லூமினாசிட்டியில் வைத்தால் சில நேரங்களில் நிறம் செத்துப்போனதுபோல் தோன்றலாம். அப்போது சாதாரண முறையிலேயே விட்டுவிட்டு நிறச்செறிவைச் சிறிது குறைப்பது எளிது.

ஷேடோஸ் ஸ்லைடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சாதாரண வளைவைப்போல் படம் முழுவதையும் ஒரே கணக்கில் நடத்துவதில்லை. ஒவ்வொரு பகுதியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, ‘இது இருண்ட பகுதி’ என்று முடிவு செய்து ஏற்றுகிறது. இருண்ட தலையும் வெள்ளை உப்பும் கூர்மையாகச் சந்திக்கும் எல்லையில் அந்த முடிவு கொஞ்சம் வழிந்து அப்பால் போகும். நீங்கள் கண்ட வெள்ளை வளையம் அதுதான். கிளாரிட்டி ஸ்லைடரும் இப்படிப்பட்டதே. 20, 25 வரை இவை நல்ல வேலைக்காரர்கள். 100க்குத் தள்ளினால் படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, ஆழ்நிழலை மிகுதியாகத் தூக்கும்போது நொய்ஸ் எனப்படும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் வருவதைத் தவிர்க்க முடியாது. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவதால், 16,384 படிகளில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பே 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது, அடுத்ததற்கு 4,096, அப்படியே பாதி பாதியாகக் குறைந்து ஆறாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுபவை 256தான். படிகளின் எண்ணிக்கையைவிட, அங்கே வந்து விழுந்த ஒளியே சொற்பம் என்பது முக்கியக் காரணம். இல்லாத ஒளியை ஸ்லைடர் தராது.

முகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் மாஸ்க் போட்டு அந்த இடத்தில் மட்டும் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப்பிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். மாஸ்க்கின் விளிம்பு துண்டின் எல்லையோடு முடியாமல், துண்டையும் கழுத்தையும் சேர்த்து மெல்ல மங்கிப் போகட்டும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வெளிச்சம் போட்டால், கழுத்து ஒருவருக்கும் முகம் மற்றொருவருக்கும் சொந்தமானதுபோல் இருக்கும். கல்யாண ஆல்பங்களில் இந்த அலங்கோலத்தை நாம் தினமும் பார்க்கிறோம்.

தோலின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது முயற்சியில் அந்தப் பெண்மணி அவரை நேரில் கண்டபோது இருந்ததைவிடப் பல படி வெளுத்துப்போயிருக்கிறார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுக்கச் செய்வதையே திருத்தம் என்று நினைக்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. வாடிக்கையாளர்களும் அதையே கேட்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் தொழில்நுட்பமாகவே அது தவறான வழி. கறுத்த தோலின் அழகு அதன் சராசரி ஒளிர்வில் இல்லை. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் வியர்வையோடு மின்னும் ஒளிக்கும், அதையொட்டிய ஆழ்ந்த நிழலுக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. ஷேடோஸை 100க்குத் தூக்கும்போது கண்குழியும் கன்ன மேடும் ஒன்றாகச் சேர்ந்து உயர்கின்றன, இடைவெளி சுருங்குகிறது, சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. நான் மேலே சொன்ன வளைவில் கண்குழியை 12 படிகளும் கன்னத்தை 23 படிகளும் ஏற்றியதன் நோக்கம் இதுதான். முகம் படிக்கக்கூடியதாகிறது, நிறம் மாறவில்லை. கன்ன மேட்டை 120க்கு மேல் கொண்டுபோக வேண்டிய தேவை இந்தப் படத்தில் இல்லை.

பிரிண்ட் இருண்டு வந்ததற்குப் பெரும்பாலும் லேப் பொறுப்பில்லை, திரைதான் பொறுப்பு. மடிக்கணினியை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் நிழல்களெல்லாம் துலங்கித் தெரியும். போதுமான வெளிச்சம் இருக்கிறது என்று நம்பி நாம் நிறுத்திவிடுவோம். தாளுக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அச்சுக்காகத் திருத்துபவர்கள் திரையை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற அளவில் வைப்பது வழக்கம். பல மடிக்கணினிகளின் முழு வெளிச்சம் 300ஐத் தாண்டும். அளக்கும் கருவி இல்லாவிட்டால், ஜன்னலோரமில்லாத ஓர் அறையில், திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் பக்கத்தில் அறை விளக்கு படும்படி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை திரையைக் குறையுங்கள். துல்லியமான முறை இல்லைதான், ஆனாலும் பாதிப் பிரச்சினை இதில் தீர்ந்துவிடும். நைட் லைட் போன்ற மஞ்சளாக்கும் வசதிகளையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் வசதியையும் திருத்தும் நேரத்திலாவது அணைத்துவையுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் சேமித்து அனுப்புங்கள். கவுண்டரில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் போடாமல் அப்படியே அடியுங்கள்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தானியங்கித் திருத்தமும் உங்கள் கேமராவின் ஒளிமானியைப் போலத்தான். இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் படத்தை இருட்டாக்கிவிடும். தாளின் தேர்வும் ஒளி வீச்சை மாற்றும். பளபளப்பான தாளில் கறுப்பு ஆழமாக விழும். மேட் தாளில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் வரும், அதனால் ஆழ்நிழலில் இருக்கும் அடுத்தடுத்த படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணாடி போடாமல் கண்காட்சியில் மாட்டப்போகிறீர்கள் என்றால் எதிரொளி இல்லாத மேட் தாள் வசதிதான். அப்படியானால் 30க்குக் கீழே முக்கியமான எதையும் விட்டுவைக்காதீர்கள். பெரிய அளவில் அடிப்பதற்கு முன், அதே தாளில், படத்தின் முகமும் உப்பும் சேர்ந்து வரும் பகுதியை மட்டும் வெட்டி, வளைவின் நடுப்பகுதியை ஒன்றுக்கொன்று சற்று ஏற்றி மூன்று விதமாக ஒரே 4க்கு 6 பிரிண்டில் வரிசையாக வைத்து அடித்துப்பாருங்கள். கண்காட்சிக் கூடத்து விளக்கின் கீழ் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. 12க்கு 18 ஒன்றைத் திரும்ப அடிப்பதைவிடச் செலவு குறைவு.

கடைசியாக, அடுத்த உப்புக் காலத்தில் மறுபடியும் அங்கே போவீர்களானால் அதற்காக ஒன்று. சட்டகத்தில் உப்பு நிறைந்திருக்கும்போது கேமராவின் கணிப்பை ஏற்றி இறக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டல் 1 அல்லது 1.3 வரை வைத்து எடுங்கள். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு, அம்பாரத்தின் சரிவு கேமராத் திரையில் மின்னி மின்னி மறையத் தொடங்கினால் மட்டும் ஒரு கிளிக் குறையுங்கள். ஆளை எங்கே நிறுத்துவது என்பதையும் மாற்றிப்பாருங்கள். இந்தப் படத்தில் உப்பு அவருக்கு முதுகுப்புறம் இருக்கிறது, அதனால் அவ்வளவு பெரிய வெள்ளைப் பரப்பு முகத்துக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அவர் அம்பாரத்தைப் பார்த்தபடி வேலை செய்யும்போது, நீங்கள் பக்கவாட்டில் நின்று எடுத்தால், உப்பே ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டராகித் துண்டுக்குள்ளிருக்கும் நிழலைத் தூக்கிவிடும். முகத்துக்கும் உப்புக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாடு ஒரு ஸ்டாப்பாவது குறையும். அப்படி வந்த ஃபைலுக்கு மேலே சொன்ன நான்கு புள்ளி வளைவு தேவைப்படாது. எல்லைகளை அமைத்து, கன்னத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்துச் சற்றே ஏற்றினால் போதும்.